1794-ஆம் ஆண்டு அமெரிக்க ஃபிரிகேட்டின் வரைபடத்தைப் படித்து மறுபடி வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய பாய்மரப் போர்க்கப்பலின் வரைபடம் இணையத்தில் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. இறக்கி, பெரிதாக்கி, மேலே கோடு இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாதி வேலை முடிந்த பிறகுதான் முன்பக்க வெட்டு (உடலின் குறுக்குவெட்டு உருவம்) பலகையோடு பொருந்தவில்லை, பீரங்கி வாயில் தளத்துக்குக் கீழே போய்விட்டது என்று தெரிகிறது. கேட்டுப் பார்த்தால், கை நடுங்கியதாலோ வளைகோடு சரியாக வராததாலோ வந்த பிழையாக அது பெரும்பாலும் இருக்காது. முதல் கோடு விழும் முன்பே செய்ய வேண்டிய சில முடிவுகளைத் தாண்டிப் போனதால் வந்தது.

அமெரிக்கக் கடற்படையின் முதல் ஆறு ஃபிரிகேட்டுகளை (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்களை), குறிப்பாக 44 பீரங்கி வகையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். மரத்தில் மாதிரி செய்பவருக்கும் கணினியில் முப்பரிமாண உடல் எழுப்புபவருக்கும் வரிசை ஒன்றுதான்.

1. எந்தக் கப்பல், எந்த ஆண்டு

1794 மார்ச் 27 அன்று நிறைவேறிய சட்டம் ஆறு ஃபிரிகேட்டுகளுக்கு அனுமதி அளித்தது: நான்கு 44 பீரங்கிக் கப்பல்கள், இரண்டு 36 பீரங்கிக் கப்பல்கள். வடிவமைப்பின் மூளை பிலடெல்பியாவின் ஜோஷுவா ஹம்ப்ரீஸ். இங்கிலாந்தில் தொழில் கற்ற ஜோசையா ஃபாக்ஸும் வில்லியம் டௌட்டியும் வரைபலகையில் உழைத்தவர்கள்.

சட்டத்தில் உள்ள எண்ணை நம்பி வரைபடத்தைத் தேடாதீர்கள். செசபீக் 44 பீரங்கிக் கப்பலாக அனுமதி பெற்றது. ஆனால் ஃபாக்ஸ் திருத்திய சிறிய வடிவில், சுமார் 153 அடி நீளத்தில்தான் கட்டப்பட்டது. கான்ஸ்டிடியூஷனோ 175 அடி. இரண்டும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள் என்பதற்காக ஒன்றின் வெட்டுகளை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது. பீரங்கி எண் என்பது தரவரிசைப் பெயர். உண்மையில் ஏற்றிய பீரங்கிகள் பெரும்பாலும் அதைவிட அதிகம்.

அடுத்து ஆண்டு. கான்ஸ்டிடியூஷன் 1797 அக்டோபர் 21 அன்று பாஸ்டனில் நீரில் இறங்கியபோது அணியத்தில், அதாவது முன்முனையில், ஹெர்குலிஸ் சிலை இருந்தது. 1804-இல் பிரசிடென்ட் கப்பலோடு மோதியதில் அது சிதைந்தது. பிரிட்டனோடு நடந்த 1812 போரில் அந்தச் சிலை இல்லை. ஆகவே ஹெர்குலிஸையும் 1812-ஆம் ஆண்டின் மேல்தளப் பீரங்கிகளையும் ஒரே படத்தில் வரைந்தால், எந்நாளும் கடலில் இல்லாத ஒரு கப்பல் கிடைக்கும். 1812 தோற்றம் வேண்டுமென்றால், அப்போது அதன் கேப்டனாக இருந்த ஐசக் ஹல் 1813-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சேலம் நகரின் கிழக்கிந்தியக் கடல்சார் கழகத்துக்குக் கொடுத்த மாதிரிக் கப்பல் நல்ல சாட்சி.

பால்டிமோரில் நிற்கும் கான்ஸ்டலேஷனைப் பார்த்து 1797-ஆம் ஆண்டு ஃபிரிகேட்டை வரைய முயல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆறில் ஒன்றான பழைய கான்ஸ்டலேஷன் 1853-இல் உடைக்கப்பட்டது. நிற்பது 1854-இல் அதே பெயரில் கட்டிய வேறு கப்பல். நீளமும் வேறு, உடலும் வேறு. இந்தக் குழப்பம் பல பத்தாண்டுகள் வல்லுநர்களையே சண்டையிட வைத்தது, ஆகவே தடுமாறுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2. கையில் இருப்பது எந்த வகை வரைபடம்

ஒரே கப்பலுக்கு நான்கு வகை வரைபடங்கள் கிடைக்கலாம்.

கட்டும் முன் வரைந்தது முதல் வகை. இது கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதைச் சொல்லும். தச்சர்கள் என்ன கட்டினார்கள் என்பதை அல்ல. ஆறு கப்பல்களும் ஆறு துறைமுகங்களில் எழுந்தன. வரைபடங்களும் அச்சுப் பலகைகளும் (மரத்தை வெட்ட உதவும் முழு அளவு வடிவங்கள்) பிலடெல்பியாவிலிருந்து போயின; ஒவ்வொரு துறையின் தலைமைத் தச்சரும் தன் கைவண்ணத்தைக் கொஞ்சம் சேர்த்தார்.

பிடிபட்ட கப்பலை உலர்துறையில் நிறுத்தி அளந்து வரைந்தது இரண்டாம் வகை. பிரிட்டிஷ் கடற்படை இதை ஒழுங்காகச் செய்தது. அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் கப்பல்களான ஹான்காக், ராலே, கான்ஃபெடரசி ஆகியவற்றின் உருவம் இன்று நமக்குத் தெரிவதற்கு அந்தப் பழக்கமே காரணம். 1813-இல் பிடிபட்ட செசபீக்கும் 1815 ஜனவரியில் பிடிபட்ட பிரசிடென்ட்டும் இப்படியே அளக்கப்பட்டன. இவை லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டிய உடலைக் காட்டுவதால் எனக்கு இந்த வகைமேல் நம்பிக்கை அதிகம். ஆனால் பல ஆண்டுகள் கடலில் உழன்ற பிறகு அளந்தது என்பதையும், பிடித்தவர்கள் செய்த மாற்றங்கள் வேறு நிற மையில் ஏறியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மை நிறம் தெரியாத கறுப்பு வெள்ளைப் படியை வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தாது.

மூன்றாவது, இன்றுள்ள கப்பலை அளந்து எடுத்தது. கான்ஸ்டிடியூஷனுக்கு 1920-களின் புதுப்பிப்பிலிருந்தே இத்தகைய படங்கள் உண்டு. நீண்ட மரக்கப்பல் நாளாக நாளாக நடுவில் எழும்பி இரு முனைகளும் தொங்கும். 1990-களின் புதுப்பிப்புக்கு முன் கான்ஸ்டிடியூஷனின் ஏரா, அதாவது அடிமரம், ஒரு அடிக்கும் மேல் வளைந்திருந்தது. அளந்தவர் வளைவை அப்படியே வரைந்தாரா, நிமிர்த்தி வரைந்தாரா என்று பார்க்காமல் உயரங்களை எடுத்தால் எல்லா வெட்டும் தவறும்.

நான்காவது, இருபதாம் நூற்றாண்டில் ஹாவர்ட் சாப்பெல் போன்ற கப்பல் வரலாற்றாளர்கள் பழைய மூலங்களிலிருந்து மறுபடி வரைந்தது. தெளிவானது, தொடக்கக்காரருக்கு உதவுவது. ஆனால் மூலத்தில் அழிந்த இடத்தை அவர் தன் அறிவால் நிரப்பியிருப்பார். கூடுமானவரை மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மூலங்கள் பெரும்பாலும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கப்பல் பிரிவுத் தொகுப்பில் இருக்கின்றன. சாப்பெலின் படங்களை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் வழங்குகிறது.

3. முன்கூட்டியே தேவைப்படுபவை

காகிதத்தில் வரைபவருக்கு: சுருங்காத பாலியஸ்டர் வரைதாள், அரை மில்லிமீட்டர் வரை காட்டும் எஃகு அளவுகோல், பிரிகருவி, வளையும் மெல்லிய மரச்சட்டம் அல்லது பிளாஸ்டிக் பேட்டன், அதை அழுத்திப் பிடிக்கச் சில எடைகள். ஃபிரெஞ்சு கர்வை (வளைவு வரையும் தட்டை அச்சை) முனைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கோட்டை அதைக் கொண்டு துண்டு துண்டாக இழுத்தால் ஒட்டுப் போட்ட இடம் பலகையில் மேடாகத் தெரியும்.

கணினியில் என்றால் இங்க்ஸ்கேப்பில் தொடங்கி டெல்ஃப்ட்ஷிப் அல்லது ரைனோவில் முடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: மென்பொருள் வரையும் வளைவு எப்போதும் அழகாக இருக்கும். அது சரியான வளைவு என்று பொருளல்ல.

இடத்தையும் கணக்கிடுங்கள். அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48-இல் ஒரு பங்கு அளவில், 175 அடி கப்பல் ஏறத்தாழ 111 செ.மீ. நீளம் வரும். முனைகளில் துருத்தி நிற்பவற்றையும் சேர்த்தால் சாதாரண மேசை போதாது.

4. அளவுகோலை முதலில் சோதியுங்கள்

மொத்த வேலையிலும் அதிகம் தவறவிடப்படும் படி இது. 'இந்தப் படம் 48-இல் ஒரு பங்கு' என்ற குறிப்பை நம்பி அளக்கத் தொடங்குகிறார்கள். இருநூறு ஆண்டுக் காகிதம் ஈரத்தில் விரிந்து, வறட்சியில் சுருங்கி, மடிப்பில் இழுபட்டிருக்கிறது. பிறகு படப்பிடிப்பு, பிறகு அச்சு. இன்று அது எந்த அளவில் இருக்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

படத்தின் கீழே வரையப்பட்டிருக்கும் அளவுக்கோட்டைத் தேடுங்கள். காகிதம் சுருங்கியபோது அதுவும் கூடவே சுருங்கியிருக்கும் என்பதால் நம்பத்தக்கது அதுதான். 50 அல்லது 100 அடிக்கு நேரான நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து ஓர் அடிக்கு எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். சரியான கால் அங்குல அளவில் 6.35 மி.மீ. வர வேண்டும்.

இது கிடைமட்டத்துக்கு மட்டும். காகிதம் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆகவே செங்குத்தாக இன்னொரு சோதனை வேண்டும். எழுத்தில் தரப்பட்ட உயரமோ அகலமோ ஒன்றைப் பிடியுங்கள். 44 பீரங்கிக் கப்பலின் அகலம் 43 அடி 6 அங்குலம் என்று பதிவாகியிருக்கிறது. வெட்டுப் படத்தில் நடுவெட்டின் முழு அகலத்தையும், அரை அகலப் படத்தில் அதில் பாதியையும் அளந்து பாருங்கள் (இந்தப் படங்கள் எவை என்பது 6-ஆம் படியில் வருகிறது). முன்னது படத்தின் நெடுக்கில் கிடக்கிறது, பின்னது குறுக்கில். இரண்டையும் ஒப்பிட்டால் காகிதம் எந்தப் பக்கம் இழுபட்டது என்று வெளிப்பட்டுவிடும்.

ஒரு சதவீதச் சுருக்கம்கூட 175 அடியில் 1 அடி 9 அங்குலம் ஆகும். இரண்டு திசைக்கும் வெவ்வேறு திருத்த எண் வந்தால் தயங்காமல் இரண்டையும் பயன்படுத்துங்கள். கணினியில் படத்தைப் போடும்போது நீள அகல விகிதத்தைப் பூட்டி வைக்கும் பொத்தானை இந்த ஒரு முறை திறந்துவிட வேண்டும்.

5. அடி, அங்குலம், புள்ளி

மெட்ரிக் அளவில் வளர்ந்த நமக்கென்றே காத்திருக்கும் பள்ளம் இது. 7 அடி 11 அங்குலத்தை 7.11 என்று கணினியில் இடுபவர்களை எண்ணி முடியாது. சரியான எண் 7.917. வித்தியாசம் ஏறத்தாழ 9.7 அங்குலம், 48-இல் ஒரு பங்கில் 5 மி.மீ.க்கும் மேல். பிடிபடாமல் போவதற்குக் காரணம், சிறிய அங்குல எண்களில் பிழை தெரியாததுதான்: கப்பல் வயிற்றின் ஆழமான 14 அடி 3 அங்குலத்தை 14.3 என்று போட்டால் அரை அங்குலம் சொச்சமே தவறும், கண்ணுக்கும் சரியாகவே தோன்றும்.

அளவு அட்டவணைகளில் மூன்று எண்கள் அடுத்தடுத்து வரும். அவை அடி, அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 10-4-3 என்றால் 10 அடி, 4 அங்குலம், அங்குலத்தில் எட்டில் மூன்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மில்லிமீட்டராக மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு வரையுங்கள். வரையும்போது மனக்கணக்கு வேண்டாம்.

6. மூன்று படங்களையும் அடையாளம் காணுங்கள்

தாளின் மேல்பகுதியில் பக்கப் படம்: அணியம் வழக்கமாக வலப்புறம். அதற்குக் கீழே அரை அகலப் படம்: மேலிருந்து பார்த்த உடலில் பாதி, மறுபாதி அதேதான் என்பதால் வரைவதில்லை. ஓரத்தில் வெட்டுப் படம்: நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் அணியத்து வெட்டுகள், இடப்பக்கம் அமரத்து, அதாவது பின்முனை, வெட்டுகள்.

கப்பலின் மிக அகன்ற இடம் நடுவெட்டு. வட்டத்துக்குள் சிலுவை இட்ட குறி. அதற்கு முன்னே உள்ள வெட்டுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளும் பின்னே உள்ளவற்றுக்கு 1, 2, 3 என்று எண்களும் இருப்பது வழக்கம். நடுவெட்டு நீளத்தின் சரிபாதியில் இருக்காது, சற்று முன்தள்ளியே இருக்கும். மடித்து நடுவைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

உடலின் வடிவத்தைத் தரும் வெட்டு, நீர்மட்டக் கோடு (உடலைக் கிடையாக வெட்டியது), சாய்கோடு (நடுக்கோட்டிலிருந்து சாய்வாக வெட்டியது), நெடுவெட்டுக் கோடு (நடுக்கோட்டுக்கு இணையாக நீளவாக்கில் செங்குத்தாக வெட்டியது) ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஒரு படத்தில் நேர்க்கோடாகவும் இன்னொன்றில் வளைகோடாகவும் தெரியும். எது எங்கே நேர், எங்கே வளைவு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இந்தப் படத்தில் உடலின் உருவம் மட்டுமே இருக்கும், கட்டுமானம் இருக்காது. ஹம்ப்ரீஸின் பேர்பெற்ற சாய்முட்டுகளை, அதாவது உடல் வளையாதிருக்க உள்ளே குறுக்காகச் சாய்த்துப் பொருத்திய கனத்த மரங்களை, இதில் தேடி ஏமாற வேண்டாம்.

7. பலகைக்கு உள்ளேயா, வெளியேயா

பெரும்பாலான பழைய வரைபடங்கள் வங்குக்கால்களின், அதாவது உடலின் விலா மரங்களின், வெளி விளிம்பைக் காட்டுகின்றன. பலகை அதற்கு மேல் வரும். அச்சுப் பலகை செய்யும் தச்சருக்கு அதுதான் வேண்டும். ஆனால் அளந்து எடுத்த சில படங்களும் இன்றைய படங்களும் பலகையின் வெளிப்பரப்பைக் காட்டுவதுண்டு.

கண்டுபிடிக்க எளிய வழி ஏராவுக்கு அருகே பார்ப்பது. வெட்டுக்கோடு பலகைக் காடியின் (பலகை பொருந்த ஏராவில் வெட்டிய பள்ளத்தின்) உள்மூலையை நோக்கிப் போய் முடிந்தால் பலகைக்கு உள்ளே. ஏராவின் பக்கவாட்டில் காடியின் வெளி விளிம்பில் முடிந்தால் பலகைக்கு வெளியே. பலகை 6 அங்குலம் என்று வைத்தால், தவறாக எடுத்துக்கொண்டதன் விலை பக்கத்துக்கு 3.2 மி.மீ. மாதிரியில் மறைக்க முடியாத அளவு.

8. சட்டகத்தை வரையுங்கள்

இப்போதுதான் முதல் கோடு. அடிக்கோடு ஒன்று, அதற்குச் செங்குத்தாக முன் செங்குத்துக் கோடு, பின் செங்குத்துக் கோடு. 175 அடி என்பது இவற்றுக்கு இடைப்பட்ட நீளம். கப்பலின் நீளம் 204 அடி என்று வேறொரு இடத்தில் படித்தால் குழம்பாதீர்கள். அது அணிய அலங்காரத்திலிருந்து அமரத்தின் மேல்விளிம்பு வரை.

பிறகு எல்லா வெட்டுநிலைகளையும் (வெட்டுகள் நிற்கும் இடங்களை) பின் செங்குத்துக் கோட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்து போனால் ஒவ்வொரு சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும். நிலைகளுக்கு இடையே உள்ள தூரம் எல்லா இடத்திலும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முனைகளில் நெருக்கமாக இருப்பது உண்டு.

நீர்மட்டக் கோடுகளில் ஒரு நுணுக்கம். இந்தக் கப்பல்கள் பின்புறம் ஆழமாக மிதப்பவை: கான்ஸ்டிடியூஷனுக்கு முன்னே 21 அடி, பின்னே 23 அடி. சில படங்களில் நீர்மட்டக் கோடுகள் ஏராவுக்கு இணையாகவும், சிலவற்றில் கப்பல் மிதக்கும் நீர்ப்பரப்புக்கு இணையாகவும் இருக்கும். இரண்டாவது முறையில் ஒரே நீர்மட்டக் கோடு ஒவ்வொரு வெட்டிலும் வெவ்வேறு உயரத்தில் வெட்டும். வெட்டுப் படத்தில் நீளமான கிடைக்கோட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குறிகள் தெரிந்தால் அது இந்த வகை. அதைக் கவனிக்காமல் ஒரே கிடைக்கோட்டை இழுத்தால், முனைக்கு முனை 2 அடி, அதாவது படத்தில் 12.7 மி.மீ. தவறும்.

9. பக்கப் படம், பிறகு நடுவெட்டு, பிறகு மற்றவை

பக்கப் படத்தில் ஏரா, அணியக் கட்டை, அமரக் கட்டை, பலகைக் காடி ஆகியவற்றை முதலில் முடியுங்கள். எல்லா வெட்டுகளும் நீர்மட்டக் கோடுகளும் காடியில்தான் போய் முடியும். அந்த எல்லை நிற்காமல் மற்றவற்றை முடிக்க வழியில்லை. அதன்பின் அதிகபட்ச அகலம் எந்த உயரத்தில் வருகிறது என்று காட்டும் கோடு. தளங்கள் இப்போது வேண்டாம்.

வெட்டுப் படத்தில் நடுவெட்டோடு தொடங்குங்கள். ஏராவிலிருந்து ஏறி, அடிவயிற்றில் திரும்பி, அதிகபட்ச அகலத்தைத் தொட்டு, மேலே உள்நோக்கிச் சாயும். அந்த உட்சாய்வைப் புதியவர்கள் கண்ணளவில் மிகையாக்கிவிடுகிறார்கள். மேல்விளிம்பின் அரை அகலத்தை அளந்து குறித்த பிறகே கோட்டை இழுக்க வேண்டும்.

வெட்டுகள் நடுக்கோட்டில் தொடங்கக் கூடாது. ஏராவின் பாதித் தடிப்பைத் தள்ளிக் காடியில் தொடங்க வேண்டும். நடுக்கோட்டில் கூட்டி வைத்தவர்களின் கப்பலில் ஏரா பொருத்த இடமே இருக்காது.

நடுவெட்டுக்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகப் போங்கள். இடையில் விட்டவை பிறகு சோதனைக்கு உதவும்.

10. மூன்றும் ஒத்துப்போகிறதா

ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். 5-ஆம் வெட்டில், அடிக்கோட்டுக்கு 12 அடி மேலே, அரை அகலம் 19 அடி 4 அங்குலம் என்று இருக்கட்டும். வெட்டுப் படத்தில் அது நடுக்கோட்டிலிருந்து 122.8 மி.மீ. அரை அகலப் படத்தில் 12 அடி நீர்மட்டக் கோடு 5-ஆம் நிலையை வெட்டும் இடமும் அதே 122.8 மி.மீ. இருக்க வேண்டும். அங்கே 122 மட்டும் வந்தால் 0.8 மி.மீ. இடைவெளி, கப்பலில் ஒன்றரை அங்குலம். ஏதோ ஒரு படம் பொய் சொல்கிறது.

எது என்பதைச் சாய்கோடுதான் தீர்க்கும். சாய்கோடுகள் வெட்டுகளை ஏறத்தாழ நேர்கோணத்தில் சந்திப்பதால் பிழை அங்கே தெளிவாகப் புடைத்துத் தெரியும். நீர்மட்டக் கோடு அடிவயிற்றுக்கு அருகே வெட்டைச் சறுக்கலாகத் தொடுவதால் அங்கே அதை நம்ப முடியாது. ஆகவே சீர்செய்யும் வரிசை: முதலில் சாய்கோடுகள், அடுத்து நீர்மட்டக் கோடுகள், கடைசியாக நெடுவெட்டுக் கோடுகள்.

பேட்டனைப் புள்ளிகள்மேல் வளைத்து எடைகளை வையுங்கள். பிறகு ஒவ்வோர் எடையாகத் தூக்கிப் பாருங்கள். எடையை எடுத்ததும் சட்டம் துள்ளி நகர்ந்தால் அந்தப் புள்ளியைக் கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். நகராமல் அப்படியே இருந்தால் புள்ளி சரி. கண்ணைத் தாள் மட்டத்துக்கு இறக்கி, கோட்டின் நீளத்தோடு ஒரு முனையிலிருந்து பாருங்கள். மேலிருந்து தெரியாத மேடு பள்ளம் அங்கே தெரியும். கணினியில் இதற்குச் சமமானது நீளத்தை மட்டும் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிப் பார்ப்பது.

ஒரு புள்ளியை நகர்த்தினால் மற்ற இரண்டு படங்களிலும் அப்போதே நகர்த்துங்கள். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், மறுநாள் எது பழையது எது புதியது என்று உங்களுக்கே தெரியாது.

எங்கே நிறுத்துவது? 0.3 மி.மீ. பேனாக் கோடு இந்த அளவில் அரை அங்குலத்துக்கும் மேல் தடிப்பு. மூலத்தை வரைந்தவருடைய கோடும் மெல்லியதல்ல. அரை அங்குலத்துக்குக் கீழான வேறுபாட்டைத் துரத்துவது வீண். மறுபுறம், மூன்று அங்குலத்துக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால் நீங்கள் சீர்செய்யவில்லை, புதிதாக வடிவமைக்கிறீர்கள். 4-ஆம் படிக்குத் திரும்பிப் போய் அளவைப் பாருங்கள்.

11. முனைகள்

நடுப்பகுதி எளிது. அமரத்தில் நீர்மட்டக் கோடுகள் திடீரென்று உட்குழிந்து சுக்கானை நோக்கிப் போகும். அந்தக் குழிவைப் பேட்டன் தானாகத் தராது. இங்கே நெடுவெட்டுக் கோடுகளைக் கூடுதலாக இரண்டு வரையுங்கள். அணியத்தில் கோடுகள் காடியில் மழுங்கிய முனையோடு முடியும், ஊசியாக அல்ல.

முனைகளில் உண்மையான வங்குக்கால்கள் ஏராவுக்குக் குறுக்காக நேராக நிற்காமல் சாய்ந்து விரிந்து நிற்கும். படத்தில் உள்ள வெட்டுகளோ எல்லா இடத்திலும் நேரானவை. உண்மை வங்குக்கால்களை ஒவ்வொன்றாக அமைக்க நினைப்பவர்கள் மட்டும் இதற்குத் தனிப் படம் வரைய வேண்டும்.

12. தளங்களும் பீரங்கி வாயில்களும்

உடல் முடிந்த பிறகே தளம். பக்கப் படத்தில் ஒரே தளத்துக்கு இரண்டு கோடுகள் தெரியலாம்: மேலே இருப்பது நடுக்கோட்டில் தளத்தின் உயரம், கீழே இருப்பது கப்பலின் ஓரத்தில் அதன் உயரம். நீர் வழிந்தோட நடுவை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். பீரங்கி வாயிலின் அடிவிளிம்பை ஓரக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து அளந்தால் பீரங்கி வாயிலுக்கு நேராக நிற்காது.

வாயில்களின் அடிவிளிம்பும் மேல்விளிம்பும் தளத்தின் வளைவோடு போகும். பக்க விளிம்புகள் வெட்டுநிலைகளுக்கு இணையாகச் செங்குத்தாக நிற்கும். சதுரத்தை வரைந்து தளத்தோடு சேர்த்துச் சாய்த்துவிடுவது மிகப் பரவலான பிழை. முனைகளில் வாயில்கள் விழுந்துகொண்டிருப்பதுபோல் தெரிந்தால் அதுதான் காரணம்.

44 பீரங்கிக் கப்பலின் பீரங்கித் தளத்தில் 24 பவுண்டு பீரங்கிகள் 30, பக்கத்துக்கு 15. நடுவில் தொடங்கி இரு பக்கமும் எண்ணிச் சரிபாருங்கள். எண்ணிக்கை கூடினால் முன்முனையில் பீரங்கி வைக்காத வாயிலையும் சேர்த்திருப்பீர்கள். கான்ஃபெடரசி போன்ற பழைய ஃபிரிகேட்டை எடுத்தவர்கள், கீழ்வரிசையில் தெரியும் சிறு துளைகளைப் பீரங்கி வாயில்களாகப் பெரிதாக்கிவிட வேண்டாம், அவை துடுப்புக்கானவை.

13. கன அளவால் ஒரு சோதனை

பலர் விட்டுவிடுவது, ஆனால் அரை மணி நேர வேலை. ஒவ்வொரு வெட்டிலும் நீர்மட்டத்துக்குக் கீழான பரப்பைக் கண்டுபிடித்து, சிம்ப்சன் விதியால் (வெட்டுப் பரப்புகளிலிருந்து கன அளவு காணும் கணக்கு முறை) கூட்டி மூழ்கிய கன அளவைப் பெறுங்கள். சிம்ப்சன் விதிக்கு வெட்டுகள் சம இடைவெளியில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் வேண்டும். ஒரு டன்னுக்கு 35 கன அடி கடல்நீர்.

கான்ஸ்டிடியூஷனின் எடை 2,200 டன் என்று தரப்படுகிறது. 77,000 கன அடி. பலகைக்கு உள்ளே வரைந்த உடல் இதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், அது இயல்பு. 60,000 வந்தாலோ 90,000 வந்தாலோ எங்கோ பெரிய பிழை. அரை அகலத்தை இரட்டிப்பாக்க மறந்தால் சரிபாதி வரும், அதை உடனே கண்டுகொள்ளலாம். நான் முதலில் சந்தேகப்படுவது செங்குத்து அளவுத் திருத்தத்தைத்தான்.

14. மாதிரிக்கான குறுக்குப் பலகைகள்

குறுக்குப் பலகை (வெட்டின் உருவில் அறுத்து ஏராவுக்குக் குறுக்கே நிறுத்தும் பலகை) வைத்துச் செய்யும் மாதிரிக்கு வெட்டுகளை அப்படியே படி எடுக்கலாம், பலகைக்கு உள்ளே வரைந்திருந்தால். வெளியே வரைந்தது என்றால் மாதிரியில் ஒட்டப்போகும் பலகையின் தடிப்பைக் கழிக்க வேண்டும். வெட்டுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கழியுங்கள். படத்தைச் சிறிதாக்கிக் கழிக்க முயன்றால் உயரமும் சேர்ந்து குறையும்.

குறுக்குப் பலகைக்குத் தடிப்பு உண்டு, வெட்டுக்கோட்டுக்கு இல்லை. நடுவெட்டை நோக்கிய முகத்தை வெட்டுநிலையில் வைத்து, தடிப்பு முனையை நோக்கிப் போகும்படி பொருத்துங்கள். அப்போது முனைப் பக்கத்து விளிம்பில் அதிகப்படியாக மரம் நிற்கும். உப்புத்தாளால் தேய்த்துச் சாய்வு கொடுத்தால் போதும். திருப்பி வைத்தால் மரம் குறையும், துண்டு ஒட்டி நிரப்ப வேண்டிவரும்.

அறுக்கும் முன் ஒவ்வொரு பலகையிலும் நிலையின் எழுத்து அல்லது எண், நடுக்கோடு, ஒரு பொது நீர்மட்டக் கோடு ஆகிய மூன்றையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். ஏராவில் நிறுத்தும்போது அந்த நீர்மட்டக் குறிகள்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், உயர்ந்து நிற்கும் பலகை எது, தாழ்ந்தது எது என்று பசை காயும் முன்பே தெரிந்துவிடும்.